கடைசி பெஞ்சுக்கு வந்தவர்கள்

சங்குமுனையில் ஐஸ் கம்பெனி மாடியில் ரெக்சன் சார் நடத்திவந்த இங்கிலீஷ் வகுப்பின் கடைசி பெஞ்சில், ஒரு வாடைக்காலத்துக் காலையில், தலையிலும் தோளிலும் பனித்தூள் அப்பியிருக்க, முழங்காலுக்குக் கீழே இறங்கிய கம்பளிக் கோட்டோடு ஒரு வெள்ளைக்காரம்மா உட்கார்ந்திருந்தபோது, அவளை முதலில் பார்த்த ஐஸ் கம்பெனி மேஸ்திரி மகள் ஸ்டெபினா கேட்டது, நீங்கள் யார் என்றோ எந்த வழியாக வந்தீர்கள் என்றோ இல்லை, "காப்பி குடிச்சியளா?" என்றுதான். ஊர் அப்படி. கடல் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து கரையில் போட்டுவிட்டுப் போகும், போட்டதை எல்லாம் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தால் அடுப்பு எரியாது என்று தெரிந்த ஊர்.

ரெக்சன் மச்சாது என்ற அந்த சார், வயசு வரம்பு தாண்டும்வரைக்கும் பேங்க் பரீட்சை எழுதியவன். எழுதி எழுதிக் கிடைத்தது இங்கிலீஷ் மட்டும்தான் என்பதால் அதையே விற்க ஆரம்பித்திருந்தான். வளைகுடாவுக்குப் போகக் காத்திருந்தவர்களும், கப்பலில் ஏற நினைத்த பையன்களும், நர்ஸ் படிப்பு முடித்த பெண்களும்தான் அவனிடம் படிக்க வந்தார்கள். முதல் பஸ்ஸில் இங்கிலீஷ் பேப்பர் கட்டு வந்து இறங்கும். அதைப் பிரித்து, அன்றைக்கு உலகத்தில் நடந்ததில் நாலைந்து சேதியைப் பொறுக்கி, ஒவ்வொரு சேதியிலிருந்தும் தெரியாத சொல் ஒன்றையோ மரபுத்தொடர் ஒன்றையோ எடுத்துப் போர்டில் எழுதுவான். பிறகு எல்லோரும் அந்தச் சொல்லை வைத்துச் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவன் பாடம் நடத்தும் முறை அது. பேப்பரில் இருக்கும் வாக்கியத்தை ஒப்பித்தால் உட்காரச் சொல்லிவிடுவான். சொல்லை நம் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைக்காத வரைக்கும் அது நமக்குச் சொந்தமில்லை என்பது அவன் கட்சி. அன்றைக்குப் போர்டில் இருந்த சொல் ஸ்ட்ராண்டட். போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நடுவழியில் மாட்டிக்கொள்வது. ஏதோ குளிர் தேசத்தில் பனியில் ரயில் நின்றுபோய்ச் சனங்கள் மாட்டிக்கொண்ட சேதியிலிருந்து எடுத்தது. ஸ்டெபினா எழுந்து, போன திருவிழாவுக்குத் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் நான் ஸ்ட்ராண்டட் ஆனேன் என்று இங்கிலீஷில் பிழையில்லாமல் சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால், பேப்பர் படத்தில் ரயில் ஜன்னலோரம் இருந்த அதே அம்மா கடைசி பெஞ்சில் கைகளைத் தேய்த்துக்கொண்டு இருக்கிறாள்.

அந்த அம்மா பேசவில்லை. காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். கோட்டிலிருந்து உருகிய பனி தரையில் ஓடியதை, ஐஸ் கம்பெனி இருக்கும் ஊரில் வளர்ந்தவர்கள் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் புதுக் கட்டு வந்து இறங்கியதும் அவள் எழுந்து, எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, மாடிப்படி இறங்கி பஸ் ஸ்டாப் பக்கமாக நடந்துபோனாள். பஸ்ஸில் ஏறியதை யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஒரு சொல்லை ஒருவர் ஒழுங்காகச் சொந்தமாக்கினால், அந்தச் சொல் வந்த சேதியின் ஆள் பெஞ்சுக்கு வந்துவிடுவார். சேதி பழசாகும்வரை இருப்பார். ரிசைன் என்ற சொல்லுக்கு, பதவியை ராஜினாமா செய்த எந்த நாட்டு மந்திரியோ கோட்டு சூட்டோடு வந்து உட்கார்ந்தார். மந்திரி என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், மீன் இறக்கும் மேடை இடிந்து கிடப்பதைப் பற்றி ஊர்க்கமிட்டி ஒரு மனு எழுதி அவர் மடியில் வைத்தது. ராஜினாமா செய்த மந்திரிக்கு மனு கொடுத்த ஊர் உலகத்திலேயே சங்குமுனை ஒன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் நம்மூர் மந்திரிகளைப்போல வாங்கிப் பக்கத்தில் இருப்பவனிடம் நீட்டிவிடாமல் அவர் கடைசிவரை மடியிலேயே வைத்திருந்தார் என்பதைக் கமிட்டி இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறது. வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவதை, கோயில் பங்கின் தெருக்குழுக்களான அன்பியங்கள் முறை வைத்துக்கொண்டன. லூர்து மாதா அன்பியம் உப்புக் கூட்டிப் போடுகிறது, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆகாது என்று சகாயமாதா அன்பியம் பங்குச் சாமியாரிடம் புகார் சொல்லும் அளவுக்கு அது ஊர்க் காரியமாகிவிட்டது. போட்டோ எடுத்தால் வெறும் பெஞ்சு மட்டும் விழுந்தது. பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாருக்கு ரோஷம் வந்து அவரும் தமிழ்ப் பேப்பரை வைத்து அதே மாதிரி வகுப்பு நடத்திப் பார்த்தார், ஒரு ஈ காக்கை வரவில்லை. பிறந்ததிலிருந்து வாயில் போட்டு மென்ற சொல், அதைச் சொன்னால் யாருக்கு என்ன தைக்கும்?

ஒருநாள் ரெக்சன், குண்டு விழுந்த ஊர் ஒன்றின் சேதியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டான். அன்றைக்கு வகுப்பில் எல்லோருமே அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். பெஞ்சு போதாமல் தரையிலும் படியிலும் ஐஸ் கம்பெனி முற்றத்திலுமாகப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தன. முகமெல்லாம் சிமெண்டுத் தூசி. எந்த அன்பியத்தின் முறை என்று யாரும் கேட்கவில்லை, ஊரே சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மறுநாள் பேப்பரில் வேறு சேதி வந்து அந்தப் பிள்ளைகள் எழுந்து கைகோத்துக்கொண்டு போனபோது, பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் நின்று பெண்கள் அழுத அழுகை கொஞ்சமில்லை. அன்றிலிருந்து ரெக்சன் சண்டைச் சேதிகளைக் கத்தரித்துவிட்டுத்தான் பேப்பரை வகுப்புக்குள் கொண்டுவந்தான். படிக்காவிட்டால் நடக்கவில்லை என்றாகிவிடாது. அது அவனுக்கும் தெரியும்.

தெக்லா இந்த வகுப்பில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். எட்டாம் வகுப்போடு நின்றவள், வயசு முப்பத்தைந்துக்கு மேல். அவள் புருஷன் கஸ்பார் தோணிக்காரன். செங்கல்லும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குப் போகிற மரத்தோணியில் சுக்கான் பிடிப்பவன். புயல் சின்னம் என்று ரேடியோ சொல்வதற்கு முந்தின நாள் கிளம்பிய தோணி போய்ச் சேரவும் இல்லை, திரும்பவும் இல்லை. தமிழ்ப் பேப்பரில் ஒருநாள் போட்டார்கள், தொடர்பு இல்லை என்று. ஊரே வாசித்தது. அதற்குப் பிறகு எந்தப் பேப்பரிலும் ஒரு வரி இல்லை. அந்தத் தோணியில் போன மற்றவர்களின் வீடுகளில், ஒவ்வொரு வீடாக, துக்கமணி அடித்து முடித்துவிட்டார்கள். சங்குமுனையில் கடலில் போனவனுக்கு உடம்பு கிடைக்காவிட்டால், அவன் பெண்டாட்டி கோயில் மணிக் கயிற்றை முதலில் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை அடிப்பார், அதற்குப் பிறகுதான் பூசை. அவள் இழுக்காமல் சாமியாரே வந்து சொன்னாலும் மணி அசையாது. தெக்லா இழுக்கவில்லை.

"ஏட்டி, என் தம்பி ஆத்துமா கரையும் இல்லாம தண்ணியும் இல்லாம அலையுதுட்டி," என்று கஸ்பாரின் அக்கா ரோசிலி வாசலில் வந்து உட்கார்ந்து அழுவாள். "ஒரு பூசை வச்சு விட்டுருவோம். அவனுக்கு ஒரு எடம் வேண்டாமா?"

"மைனி, அவிய வந்து நின்னா, எதுக்குட்டி மணியடிச்சன்னு கேட்டா, நான் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?" என்பாள் தெக்லா.

அவள் இங்கிலீஷ் படிக்க வந்தது கடைசி பெஞ்சுக்காக. என்றைக்காவது அந்தத் தோணியைப் பற்றி இங்கிலீஷ் பேப்பரில் ஒரு வரி வரும், வரும் அன்றைக்கு அந்த வரியின் சொல் தன் வாயில் பிழையில்லாமல் வர வேண்டும், வந்தால் கஸ்பார் வந்து அந்தப் பெஞ்சில் உட்காருவான். ஒருநாள் இருந்தால் போதும். பேச வேண்டாம். கை கால் இருக்கிறதா, கண் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். இந்த ஒரு நினைப்பில், கருவாட்டுக் களத்து வேலை முடிந்த கையோடு, செதில் ஒட்டிய விரலால் ஏ பி சி டியை முதலிலிருந்து எழுதினாள். வகுப்பில் அவளுக்கு மற்றப் பிள்ளைகளைப்போல நாக்கு புரளவில்லை. ஆனால் படுக்கும்போதும் சொல், பாத்திரம் தேய்க்கும்போதும் சொல், களத்தில் காக்கா விரட்டும்போதுகூட இங்கிலீஷில்தான் விரட்டினாள். களத்துப் பெண்கள், "தெக்லாவுக்குப் பயந்து இப்பம் காக்காகூட பாஸ்போர்ட்டு எடுக்குது" என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் அவள் பங்குக் கருவாட்டையும் சேர்த்துப் புரட்டிப் போட்டுவிட்டு அவளை நேரத்தோடு வகுப்புக்கு அனுப்பியவர்கள்.

அவள் சேர்ந்த அன்று போர்டில் இருந்த மரபுத்தொடர், சேதி வராமல் இருப்பதே நல்ல சேதி என்று பொருள்படும் ஒன்று. ரெக்சன் அர்த்தம் சொல்லி முடித்ததும் தெக்லா எழுந்தாள்.

"இத யாரு சார் சொன்னது?"

"யாரும் தனியா சொன்னதில்லக்கா. இங்கிலீஷ்காரங்க வழக்கத்துல சொல்லுறது."

"அவங்க வீட்டுல யாரும் தோணிக்குப் போவல போல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தொடரை வைத்து வாக்கியம் சொல்ல அவள் சம்மதிக்கவே இல்லை, ரெக்சனும் வற்புறுத்தவில்லை.

தினமும் கட்டைப் பிரித்ததும் அவன் முதலில் தேடுவது தோணியைத்தான். பெரிய கப்பல் தரைதட்டினால் முதல் பக்கம், அதில் வெளிநாட்டுக் கேப்டன் இருந்தால் படமும் உண்டு, செங்கல் தோணிக்கு யார் போடுவார்? இல்லை என்று தலையை ஆட்டுவான், தெக்லா பார்வையைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த சொல்லை எழுதுவாள். இப்படியே வாடைக் காற்று போய்க் கொண்டல் காற்று வந்தது.

வந்தே விட்டது ஒருநாள். உள்பக்கத்தில், மின்தடை அறிவிப்புக்குக் கீழே, தீப்பெட்டி அளவுக்கு ஒரு சேதி. தீவு நாட்டுக் காவல் படகு ஒன்று சில பலகைகளைக் கண்டெடுத்திருக்கிறது, தூத்துக்குடிப் பக்கத்துத் தோணியின் பலகையாக இருக்கலாம், அதில் போனவர்கள் மிஸ்ஸிங். ரெக்சன் போர்டின் முன்னால் சாக்பீஸோடு நின்றான். எழுதவில்லை. மிஸ்ஸிங் என்றால் காணாமல் போனவர் என்று வகுப்பில் இருந்த எல்லோருக்கும் சினிமாவிலிருந்தும் போனிலிருந்தும் ஓரளவு தெரியும். தெக்லாவே எழுந்து நின்றாள்.

"எழுதுங்க சார்."

"அக்கா, நாளைக்கு இதவிட நல்ல சொல்லா வந்தாலும் வரும். பொறுப்போமா?"

"வராட்டா?"

அவன் எழுதினான். எழுத்துக் கோணலாக வந்தது. தெக்லா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாளும் வாயில் வராத, சொன்னால் பலித்துவிடுமோ என்று மனசுக்குள்கூட நினைக்காத வாக்கியத்தை, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னாள். மை ஹஸ்பெண்ட் இஸ் மிஸ்ஸிங்.

எல்லோரும் திரும்பினார்கள். பெஞ்சில் யாரும் இல்லை. காணாமல் போனவன் என்று சொல்லிக் கூப்பிட்டால் எப்படிக் காண முடியும் என்று அப்புறம் ஊரில் நியாயம் பேசினார்கள். ஆனால் பெஞ்சின் ஜன்னலோரப் பலகை, ஆள் உட்கார்ந்த மாதிரி கொஞ்சம் அமுங்கி, மெல்ல ஈரமானது. ஈரம் பரவி, விளிம்பில் கூடி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. ஸ்டெபினா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

மறுநாள் கட்டு வந்தது, அந்தச் சேதி அதில் இல்லை. வழக்கமாக எழுந்து போய்விடுவார்கள். இந்த ஈரம் போகவில்லை. ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. அன்று முறையிருந்த அன்பியம், கண்ணுக்குத் தெரியாத ஆளுக்குச் சோறு எப்படிப் போடுவது என்று யோசித்துவிட்டு, ஒரு தட்டில் சோறும் சாளைக் குழம்பும் வைத்துப் பக்கத்தில் ஒரு டீயும் வைத்தது. சோறு காய்ந்தது, டீயில் ஆடை படிந்தது. ரோசிலி வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, புயல் மாசத்தில் போக வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே கேட்டாயா என்று தம்பியைப் பொழுதெல்லாம் திட்டினாள். வகுப்பு அவள் திட்டு முடியும்வரை காத்திருந்து பிறகு நடந்தது. தெக்லா ஈரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதினாள். அவள் சேலையின் இடது பக்கம் எப்போதும் நனைந்திருந்தது. அவளுக்கு அது போதும் போலத்தான் இருந்தது.

போதவில்லை, ஏனென்றால் ஈரம் குறைய ஆரம்பித்தது. சேதி வராத ஒவ்வொரு நாளும் விளிம்பு கொஞ்சம் உள்வாங்கிக் காய்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்தது. முதலில் சொட்டு நின்றது. பிறகு அமுங்கியிருந்த பலகை லேசாக நிமிர்ந்தது. தெக்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலையில் ரெக்சன் கதவைத் திறக்க வந்தால், அவள் குடத்தில் கடல் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து நிற்கிறாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பலகைமேல் மொத்தத்தையும் கவிழ்த்தாள். தண்ணீர் பெஞ்சில் நிற்காமல் வழிந்து, படியில் இறங்கி, முற்றத்துக்குப் போய்விட்டது.

"அக்கா," என்றான் ரெக்சன். "அது வேற தண்ணிக்கா."

"தெரியும் சார்," என்றாள் தெக்லா. வெறும் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்று அழுதாள். "தெரிஞ்சுதான் சார் ஊத்துனேன். வேற என்ன செய்ய எனக்குத் தெரியல."

பேப்பரில் திரும்ப வர வேண்டும். அதற்கு ஒரே வழிதான் ஊருக்குத் தெரியும். களத்துப் பெண்கள் எல்லோரும், வெறுங்குடங்களோடு, காணாமல் போன தோணியைத் தேடு என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் உட்கார்ந்தார்கள். முதலில் போய் உட்கார்ந்தவள் ரோசிலி. "மணியடின்னு சொன்னவளும் நான்தான், அதுக்காவ நீ வெயில்ல தனியா உக்காருவியா?" என்று தெக்லாவின் தலையில் தன் முந்தானையை இழுத்துப் போட்டாள். பஸ்கள் வரிசையாக நின்றன, போலீஸ் வந்தது, தாசில்தார் வந்து தேடச் சொல்லி எழுதுகிறேன் என்றார், தமிழ்ப் பேப்பர்காரர்கள் வந்தார்கள். கடைசியாக ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு பையன் வந்து தெக்லாவைப் படம் பிடித்துக்கொண்டு பெயர் கேட்டுப் போனான். இங்கிலீஷ் பேப்பரின் ஆள் அவன்தான் என்று தெரிந்ததும் ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அன்றைக்கு அவ்வளவுதான் அவர்களுக்கு யோசனை போயிற்று. யாரைப் பற்றிய சேதியாக அது வரும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பேப்பரில் வருகிற ஆள் எங்கோ தூரதேசத்து ஆளாகத்தான் இருப்பார் என்று பழகிவிட்டது ஊருக்கு.

மறுநாள் படத்தோடு வந்தது. தெக்லா களத்தில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள், தன் பங்குக் கருவாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு மெதுவாகப் போகலாம் என்று. மாடியில் பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. அக்கா வருவதற்குள் படித்துவைத்து அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று, அந்தச் சேதியில் இருந்த ஒரே கடினமான சொல்லை, அவளைப் பற்றி எழுதியிருந்த சொல்லை, ரெக்சனை எழுதவைத்தார்கள். டிஸ்ட்ராட். துக்கத்தில் நிலைகொள்ளாமல் தவிக்கிறவள். ஸ்டெபினா எழுந்து, அம்மா செத்த வருஷத்தில் நான் அப்படி இருந்தேன் என்று சொன்னாள். பிழையே இல்லை.

களத்தில் ஒரு பக்கம் புரண்ட மீன் மறுபக்கம் புரளவில்லை. தெக்லா கடைசி பெஞ்சில் இருந்தாள், கையெல்லாம் செதிலோடு.

பிள்ளைகள் அவளைப் பார்த்து அலறினார்கள், ரெக்சன் சாக்பீஸைக் கீழே போட்டான், யாரோ ரோசிலியைக் கூட்டிவர ஓடினார்கள். தெக்லாவுக்கு அவர்கள் பேசுவது எல்லாம் கேட்டது, அவள் பேசியது அவர்களுக்குக் கேட்கவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட அவளுக்கு நேரமும் இல்லை. இடது பக்கம், ஜன்னலோரம், தண்ணீர் சொட்டச் சொட்ட, நீலக் கட்டம் போட்ட கைலியும் அவள் தைத்துக் கொடுத்த சட்டையுமாகக் கஸ்பார் உட்கார்ந்திருந்தான். பேப்பரில் காணாமல் போனவனாக வந்தவனை, பேப்பரில் வந்தவர்களுக்குத்தான் காண முடிந்தது.

"ரோட்டுலயா பிள்ள உக்காந்த?" என்றான். "வெயில் என்ன வெயிலு."

கை கால் இருந்தது. கண் திறந்திருந்தது. தெக்லா அவன் முகத்தைச் செதில் கையாலேயே தடவினாள். ஐஸ் கம்பெனித் தரையைத் தொட்ட மாதிரி இருந்தது.

"இருக்கீயளா, இல்லையா?" என்று கேட்டாள். "அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கஸ்பார் யோசித்தான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன், வெங்காய மூட்டை நனைந்திருந்தால் நனைந்தது என்று முதலாளியிடம் சொல்லித் திட்டு வாங்குகிறவன்.

"தெரியல பிள்ள. தோணி சரிஞ்சது தெரியும். ஒரு பலகையப் பிடிச்சது தெரியும். கைய விட்டேனா, விடலையான்னு மட்டும் தெரியல. அந்நேரம் நீ அந்தச் சொல்லச் சொல்லிக் கூப்பிட்ட, இங்க வந்துட்டேன்."

"சாப்பாடு வச்சாவளே. எடுத்துச் சாப்பிட்டா என்ன?"

"கை போவ மாட்டேங்கு. வாரவிய எல்லாரும் சாப்பிடுதாவ, எந்திச்சுப் போறாவ. எனக்கு எந்திக்க முடியல. சட்ட காய மாட்டேங்கு. காயுத மாதிரி வரும்போது, நானே இல்லாமப் போற மாதிரி இருக்கு. நீ பேப்பர்ல கொண்டு வந்துருத, மறுபடி நனஞ்சிருது. குளிருது தெக்லா."

அவள் தன் முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்ட ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது. இதற்காகவா அவள் படித்தாள், இதற்காகவா ஊரையே வெயிலில் கொண்டுபோய் உட்காரவைத்தாள்? தன் ஆசைக்கு அவனை இப்படி நனையவைத்துவிட்டோமே என்று முந்தானையை முறுக்கிப் பிழிந்து மறுபடி துவட்டினாள். கீழேயிருந்து ரோசிலி மாரில் அடித்துக்கொண்டு படியேறி வந்து, பெஞ்சில் இருந்த தெக்லாவைக் கண்டு, "நீயும் போயிராதட்டி, எனக்கு இருக்கது நீ ஒருத்திதான்" என்று கஞ்சியைக் கரண்டியில் எடுத்து வாயில் ஊட்டினாள். தெக்லா குடித்தாள். குடிக்க முடிந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கு அது முடியவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

"எறக்கி விட்டுரு பிள்ள," என்றான் கஸ்பார்.

"மணியடிக்கச் சொல்லுதியளா? பலகையப் பிடிச்சுக்கிட்டு நீங்க கடல்ல கெடந்தா? நான் மணியடிச்சு உங்களக் கொன்னுட்டேன்னு ஆயிராதா?"

"கெடந்தா, மணிச் சத்தத்த வச்சுக் கர எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிடுவேன்," என்றான். "கெடக்கலன்னா, போற எடத்துக்குப் போவேன். ரெண்டுல எதுன்னாலும் இந்தப் பெஞ்சவிட மேலுதான்."

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பொழுது விடியும்வரை அவன் பேச்சு கேட்டுக்கொண்டு இருந்தாள். முதல் பஸ் சத்தம் கேட்டதும் அவள் கால்கள் தாமாக எழுந்தன. அவன் கையை நான் விடவில்லை என்று அவள் கடைசிவரை சொல்வாள், கைதான் விட்டுப் போயிற்று. படியிறங்கி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்தால் கண்ணெதிரே அவள் வீட்டு வாசல் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. வீடு இருந்தவர்கள். அந்தத் தூசி படிந்த பிள்ளைகள் எங்கே போயிருக்கும் என்று ஒரு கணம் நினைத்து, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே ஓடிவந்த ரோசிலியிடம், குரல் திரும்பியதும் முதலில் சொன்னது, "மைனி, கோயில்பிள்ளையக் கூப்பிடுங்க."

ரோசிலிக்குப் புரிய நேரமாயிற்று. இத்தனை மாசமாக அதைக் கேட்டு அழுதவள், இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்ட்டி, இன்னும் ரெண்டு நாள் பாப்போம்" என்றாள். தெக்லா முடியாது என்று தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் கோயிலுக்கு நடந்தார்கள். கயிறு மேலே இருட்டிலிருந்து தொங்கியது. அதைப் பிடித்த பிறகும் அவளுக்கு இழுக்க வரவில்லை.

"மைனி, நாளைக்குப் பேப்பர்ல, உயிரோட இருக்காவன்னு போட்டுட்டா?"

"போட்டா ஊரே சிரிக்கும்ட்டி. நானும் சிரிப்பேன்," என்றாள் ரோசிலி அழுதுகொண்டே. தெக்லா கண்ணை மூடிக்கொண்டு, கரை எந்தப் பக்கம் என்று கேட்கட்டும் என்று நினைத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு இழுத்தாள்.

ஐஸ் கம்பெனி மாடியில் அப்போது யாரும் எந்தச் சொல்லும் படிக்கவில்லை. மணியின் முதல் சத்தம் வந்ததும் கடைசி பெஞ்சில் ஒரு ஆள் இருந்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நீலக் கட்டக் கைலி. அவன் மெல்ல எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்து முறுக்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஆறிக்கிடந்த டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ரெக்சனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான். ஊரில் பாதிப் பேர் அவனைப் பார்த்தார்கள். மணியடித்துக்கொண்டிருந்த தெக்லா பார்க்கவில்லை.

கோயிலிலிருந்து வந்தவளைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொன்று சொன்னார்கள். பஸ் ஸ்டாப் பக்கம் போனார் என்றான் ஒருத்தன், இல்லை, கடல் பக்கம் என்றாள் ஒருத்தி. சிரித்த முகம் என்றார்கள், இல்லை என்றார்கள். தெக்லா எதையும் வாங்கிக்கொள்ளாமல் கூட்டத்தில் ரெக்சனைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"சட்ட காஞ்சிருந்துச்சா சார்?"

"காஞ்சிருந்துச்சுக்கா. நல்லாக் காஞ்சிருந்துச்சு."

அவள் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அந்தச் சேலையின் இடது பக்கம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அதை அவள் மாற்றவில்லை.